வளைந்த வரி

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மூன்றாம் நாளாய் விடாத மழையில்
பொகவந்தலாவையிலிருந்து நாலுபேர் வந்தார்கள்
ஒரே குடையோடு.

பனடோல் பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கல்.
ஏழு மாதமாய்ச் சன்னாசியின் லயத்துக் கூரையில்
செருகிக் கிடந்ததாம்.
"நிறம் மாறும் அக்கா" என்றான் லோறன்ஸ்,
நான் கேட்பதற்கு முன்பே.

ஜன்னலோரம் பிடித்தேன். சாம்பல் கலந்த நீலம்.
என்னிடம் ஒரு குண்டு பல்பு இருக்கிறது;
ஊரெல்லாம் எல்.ஈ.டி வந்த பிறகும்
இந்த வேலைக்கென்று காப்பாற்றி வைத்த மஞ்சள் வெளிச்சம்.
அதன் கீழே கத்தரிப்பூ ஊதா.
நாலு வாயும் ஒன்றாய்ச் சிரித்தன.

மாறுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது.
அசலும் மாறும்.
உலையில் சொட்டுச் சொட்டாய் உருக்கி வளர்த்ததும் மாறும்,
சிலவேளை அசலைவிட ஆசையாய்.
இதை நான் அப்போது சொல்லவில்லை.

தேங்காயெண்ணெய் இந்தக் குளிருக்கு உறைந்துவிடும்.
வெள்ளைக் கோப்பையில் பேபி எண்ணெய் ஊற்றிக்
கல்லை அமிழ்த்தி, பக்கத்தில் டோர்ச்சைப் பிடித்தேன்.
கரட்டுத் தோல் எண்ணெயில் மறைந்து
உள்ளறை தெரிந்தது.

தேடியது நேர்கோடு.
மண்ணுக்குள் வளர்ந்த குருந்தக்கல்
மூலை திரும்பித் திரும்பித்தான் வளரும்,
தேன்கூட்டின் அறைச்சுவர் போல.
பட்டிழை ஊசி ஊசியாய்க் குறுக்கே ஓடும்.
எப்போதோ உடைந்து ஆறிய விரிசல்
ஒரு கைரேகையை விட்டிருக்கும்.

இதில் வளைவுகள்.
ஒன்றின் மேல் ஒன்றாய், தட்டிய வில் போல் ஒரே வளைவு.
தலை தூக்கினால் எதிர்மலையில்
தேயிலை நிரை சரிவைச் சுற்றிப் போகிறது, அதேபோல.
தானாய் முளைத்த காடு அப்படி நிற்காது.
யாரோ நட்டது.
ஓரத்தில் இரண்டு குமிழ்,
சோடாப் போத்தலில் மாட்டிக்கொண்ட மாதிரி.

"செயற்கை" என்றேன்.

"நாங்கதானே அக்கா கழுவுனோம்" என்றான் புவிராஜ்.
"ராத்திரி ரெண்டு மணி. மெழுகுவத்தி வெளிச்சம்.
பதினாறு அடியில மாணிக்கச் சரளை, இல்லம் தட்டுச்சு.
வீடில்லாதவனுக்கு இல்லம் கெடச்சிருச்சுன்னு
இந்தச் சன்னாசிதான் சிரிச்சான்."

பிறகு ஒருவரும் சன்னாசியைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க மூன்றுபேரும்
என் சுவர்க் கலண்டரை வாசித்தார்கள்.
சன்னாசி கோப்பையைப் பார்த்தபடி இருந்தான்.
அவன் காதுமடல் மட்டும் சிவந்துகொண்டு வந்தது.
குற்றத்துக்கும் சிவக்கும், அவமானத்துக்கும் சிவக்கும்.
அதற்கு என்னிடம் எண்ணெய் இல்லை.

ஏன் சொன்னேனோ, சொன்னேன்:
"கூரையில்தான் மாறியதென்று இல்லை.
குழியிலேயே போட்டு வைப்பதும் உண்டு.
ஆற்றில் உருண்டது போலத் தோலைத் தேய்த்து,
சரளையோடு சரளையாய்."

"யாரு போடுவா? அவனுக்கு என்ன லாபம்?"

"குழியில் பங்கு விற்கிறவனுக்கு லாபம்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது.
நாலாவது ஆள், அதுவரை வாய் திறக்காதவர், மைக்கேல்,
மெதுவாய்ச் சொன்னார்:
"பங்கு எங்களுக்கு வித்தது லோறன்ஸு."

இப்போது லோறன்ஸைப் பார்க்காமலிருந்தார்கள்.
அதே அறை, அதே நாலு முகம்.
லோறன்ஸ் சிரித்தான். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தான்.

எந்தக் கை என்று கேட்டார் மைக்கேல்.
கல்லில் அது இருக்காது என்றேன்.

கூலி ஐந்நூறு.
நூற்றிருபத்தைந்தாய்ப் பிரித்துக் கொடுத்தார்கள்,
ஐந்து ரூபாய்க் குற்றிவரை எண்ணி.
கல்லை யாரும் எடுக்கவில்லை.
பல்பை அணைத்தேன். எண்ணெய்க்குள்
அது மறுபடி நீலமாயிற்று.

குடை கதவோரம் சாய்ந்திருந்தது.
எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன், கூப்பிட.
கீழே பஸ் நிலையத்தை நோக்கி
நாலுபேரும் நனைந்தபடி போனார்கள்,
ஆளுக்கு ஆள் இரண்டு கடைத் தூரம் விட்டு.